பழைய மேனேஜரின் டிஎஸ்சி ரத்தாகிவிட்டது என்கிறார்கள், பிடிஎஃப்பில் இன்னும் பச்சை டிக் வருகிறதே?

கட்டபெட்டு கணக்குப்பிள்ளை (கேள்வி)

வணக்கம். கோத்தகிரி பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூள் போடும் ஒரு ஃபேக்டரியில் கணக்கு பார்க்கிறேன். எங்கள் மேனேஜர் வேலையை விட்டுவிட்டுத் திருப்பூர் பக்கம் போய்விட்டார். அவர் பெயரில், ஃபேக்டரி பெயரும் சேர்த்து எடுத்த கிளாஸ் 3 டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ்) உள்ள யுஎஸ்பி டோக்கன் அவரிடமே இருக்கிறது. கேட்டால் வீடு மாற்றியதில் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்கிறார். மனுஷர் நல்லவர்தான், அவர் மேல் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனால் பிஎஃப் போர்ட்டலிலும் டெண்டரிலும் அந்த டோக்கனைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம் என்பதால் முதலாளி ரத்து செய்யச் சொல்லிவிட்டார். லெட்டர்ஹெட்டில் எழுதி மெயில் போட்டோம், சான்றிதழ் கொடுத்த நிறுவனத்திலிருந்து "ரிவோக்டு" என்று பதிலும் வந்துவிட்டது.

இப்போது குழப்பம் என்னவென்றால், அவர் முன்பு கையெழுத்துப் போட்ட ஒரு பிடிஎஃப்பைத் திறந்தால் என் கம்ப்யூட்டரில் இன்னும் பச்சை டிக் வருகிறது. முதலாளி லேப்டாப்பில் அதே ஃபைல் மஞ்சள் கேள்விக்குறி. ரத்து செய்த சான்றிதழ்களுக்கு ஏதோ பட்டியல் உண்டு என்கிறார்கள். அது எங்கே இருக்கிறது, அதில் பெயர் போட்டுத் தேட முடியுமா? பட்டியலில் ஏறியதும் அந்த டோக்கன் தானாகச் செத்துவிடுமா, இல்லை அவர் கையில் கிடைத்தால் இன்னும் கையெழுத்துப் போட முடியுமா? இங்கே மழையில் நெட் பாதி நாள் இல்லை, அதனால் தப்பாகக் காட்டுகிறதா என்றும் தெரியவில்லை.

சும்மா ஒருத்தன்

தப்பான பின்னை நாலைந்து தடவை போட்டால் டோக்கன் தானே லாக் ஆகிவிடும், இதற்குப் போய் ஏன் கவலைப்படுகிறீர்கள்.

லவ்டேல்

மேலே சொன்னவருக்கு: பின் தெரிந்தவர் கையில்தானே டோக்கன் இருக்கிறது? அப்புறம் லாக் ஆனால் என்ன, ஆகாவிட்டால் என்ன.

கணக்குப்பிள்ளை அண்ணா, உங்கள் கடைசிக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. ரத்து என்பது டோக்கனுக்குள் போய் எதையும் அழிப்பதில்லை. கையெழுத்துப் போடும் ரகசிய எண்ணான சாவி உள்ளே அப்படியே இருக்கும், இன்றைக்கும் செருகிப் பின் போட்டால் கையெழுத்து விழும். ரத்து என்றால் இந்த நம்பர் உள்ள சான்றிதழை இந்த நேரத்துக்கு மேல் நம்பாதீர்கள் என்று கொடுத்த நிறுவனம் ஊருக்கு அறிவிப்பது, அவ்வளவுதான். செக் புத்தகம் தொலைந்தால் பேங்கில் ஸ்டாப் பேமெண்ட் சொல்கிறோமே, அங்கே பணம் கொடுப்பதும் பேங்க், சரிபார்ப்பதும் பேங்க், அதனால் தப்பாது. இங்கே அறிவிப்பவர் ஒருவர், கையெழுத்தை ஏற்றுக்கொள்பவர் வேறொருவர். அவர் போய்ப் பார்த்தால்தான் ரத்துக்கு மதிப்பு.

பட்டியலுக்கு சிஆர்எல் என்று பெயர். அதன் வடிவம் ஆர்எஃப்சி 5280 என்ற 2008ஆம் ஆண்டு இணையத் தரநிலை ஆவணத்தில் இருக்கிறது. உள்ளே பெயர் இருக்காது, பான் இருக்காது, ஃபேக்டரி பெயரும் இருக்காது. சீரியல் நம்பர், ரத்தான தேதி நேரம், சில சமயம் காரணத்துக்கு ஒரு சின்னக் குறியீடு, இவ்வளவுதான். மேலே இந்தப் பட்டியல் எப்போது வெளியானது, அடுத்தது எப்போதைக்குள் வரும் என்று இரண்டு நேரம் இருக்கும், கடைசியில் நிறுவனத்தின் கையெழுத்து. அதனால் நடுவில் யாரும் ஒரு வரியை அடித்துவிட்டு உங்களுக்குக் கொடுக்க முடியாது.

எங்கே இருக்கிறது என்றால், சான்றிதழுக்குள்ளேயே முகவரி எழுதியிருக்கும். அந்த பிடிஎஃப்பில் கையெழுத்தைக் கிளிக் செய்து சிக்னேச்சர் ப்ராப்பர்ட்டீஸ், அதில் ஷோ சைனர்ஸ் சர்டிஃபிகேட் போங்கள். டீட்டெய்ல்ஸ் பகுதியில் சீரியல் நம்பர் இருக்கும், கீழே சிஆர்எல் டிஸ்ட்ரிப்யூஷன் பாயின்ட்ஸ் என்று ஒரு இணைய முகவரி இருக்கும். அதை பிரவுசரில் போட்டால் ஒரு ஃபைல் இறங்கும், விண்டோஸில் டபுள் கிளிக் செய்தாலே திறக்கும், இரண்டாவது டேபில் ரத்தான நம்பர்கள் வரிசையாக இருக்கும். நம்பர் நீளமாக, எண்ணும் எழுத்தும் கலந்து இருக்கும், முன்னால் ஒரு சைபர் கூடவோ குறையவோ வரலாம், அதற்காகப் பயப்பட வேண்டாம், கடைசி எட்டு பத்து இலக்கத்தைப் பிடித்துத் தேடுங்கள். இன்னொன்று, பட்டியலுக்குள் நேரம் ஜிஎம்டியில்தான் பதிவாகியிருக்கும். சில மென்பொருள் இந்திய நேரத்துக்கு மாற்றிக் காட்டும், சில காட்டாது. ரத்து செய்த அன்று காலையில் போட்ட கையெழுத்து ஏதாவது இருந்தால் இந்த 5 மணி 30 நிமிட வித்தியாசம் பெரிய சண்டையில் கொண்டுபோய் விடும்.

இப்போது பச்சை டிக். மூன்று காரணம் சாத்தியம். அவர் கையெழுத்துப் போட்டது ரத்துக்கு முன்பு என்றால் பச்சை வருவதே சரி. ரத்து பின்னோக்கிப் போய்ப் பழைய கையெழுத்தையெல்லாம் செல்லாததாக்கக் கூடாதல்லவா. அடுத்தது, உங்கள் கம்ப்யூட்டர் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு பார்க்கலாம். அடுத்தது எப்போது வரும் என்று பட்டியலிலேயே எழுதியிருக்கிறதே, அந்த நேரம் தாண்டும் வரை கையில் இருப்பது போதும் என்று மென்பொருள் சும்மா இருந்துவிடும், புதிதாக இறக்காது. மூன்றாவது, அடோபி ரீடரில் ரத்து சரிபார்ப்பையே யாராவது நிறுத்தி வைத்திருக்கலாம். ப்ரிஃபரன்ஸஸ், சிக்னேச்சர்ஸ், வெரிஃபிகேஷன் பகுதியில் அதற்கு ஒரு டிக் பெட்டி இருக்கிறது. வழக்கமாக அது போட்டே வரும். எடுத்துவிட்டால் சாதாரணக் கையெழுத்துகளுக்கு ரத்து நிலையைக் கண்டுகொள்ளாது. எந்தக் காரணம் என்று அந்த சர்டிஃபிகேட் பெட்டியில் ரிவோகேஷன் என்ற டேபிலேயே தெரியும், எந்தத் தேதிப் பட்டியலைப் பார்த்தது, அது கையெழுத்தோடு பிடிஎஃப்புக்குள் வைத்து வந்ததா, கம்ப்யூட்டரில் சேமித்திருந்ததா, இப்போது நெட்டில் எடுத்ததா என்று சொல்லும்.

முதலாளி லேப்டாப்பில் வரும் மஞ்சள் கேள்விக்குறிக்கும் ரத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. இந்திய மூலச் சான்றிதழை, அதாவது சான்றளிக்கும் நிறுவனங்களுக்கு மேலே இருக்கும் அரசு அமைப்பான சிசிஏ-வின் ரூட்டை, அந்த ரீடர் நம்புகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. உங்கள் மெஷினில் யாரோ ஒரு நாள் ஆட் டு டிரஸ்டட் கொடுத்திருப்பார்கள், அவர் மெஷினில் கொடுத்திருக்க மாட்டார்கள். நெட் இல்லாமல் பட்டியலை எடுக்க முடியாதபோதும் கேள்விக்குறி வரும், அதனால் மரம் விழுந்து லைன் போன நாளில் பார்த்ததை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

கட்டபெட்டு கணக்குப்பிள்ளை

ரொம்ப நன்றி தம்பி. பட்டியல் இறங்கியது, நம்பர் இருக்கிறது! காரணம் என்ற இடத்தில் அஃபிலியேஷன் சேஞ்ச்டு என்று வருகிறது. மெயிலில் தொலைந்துவிட்டது என்றும் எழுதியிருந்தோம், இதைப் போட்டிருக்கிறார்கள். பரவாயில்லையா?

லவ்டேல்

பெரிய பாதகமில்லை, ஆனால் வித்தியாசம் இருக்கிறது அண்ணா. காரணங்களுக்கு 0 முதல் 10 வரை குறியீடு உண்டு, நடுவில் 7 மட்டும் பயன்பாட்டில் இல்லை. 1 என்றால் சாவி அடுத்தவர் கைக்குப் போய்விட்டது அல்லது போயிருக்கலாம். 3 என்றால் ஆள் அந்த நிறுவனத்தில் இல்லை. 4 என்றால் புதிது வாங்கியாச்சு. 5 என்றால் இனி தேவையில்லை. உங்களுடையது 3. ஆள் விலகிவிட்டார் என்பது மட்டும் என்றால் ரத்துக்கு முன் போட்ட கையெழுத்துகளை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. 1 என்றால், சாவி எப்போது கைமாறியது, ரத்துக்கு முந்தைய வாரத்தில் போட்டதும் அவருடையதுதானா என்ற கேள்வி வரும். தொலைந்ததுதான் உண்மை என்றால் மறுபடி எழுதிக் கேளுங்கள்.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. பிடிஎஃப்பில் கையெழுத்து நேரம் எங்கிருந்து வருகிறது? நேரத்தை வெளியிலிருந்து உறுதி செய்து முத்திரை வைக்கும் டைம்ஸ்டாம்ப் சர்வர் வைக்காத கையெழுத்தில், நேரம் கையெழுத்துப் போட்டவரின் கம்ப்யூட்டர் கடிகாரத்திலிருந்து எடுத்தது என்று அடோபியே எழுதிக் காட்டும். கடிகாரத்தை யாரும் திருப்பி வைக்கலாம். ரத்தான டோக்கனை எடுத்து, கடிகாரத்தைப் போன மாதத்துக்குத் திருப்பி, கையெழுத்துப் போட்டால் பார்ப்பதற்கு ரத்துக்கு முன் போட்டது மாதிரியே இருக்கும். உங்கள் பழைய மேனேஜர் செய்வார் என்று சொல்லவில்லை, ஆனால் சட்டைப் பையிலிருந்து விழுந்த டோக்கனை எடுத்தவர் யாரோ. அதனால் முக்கியமான பத்திரம் என்றால் டைம்ஸ்டாம்ப் இல்லாத கையெழுத்தை ஏற்க மாட்டோம் என்று சொல்வதுதான் சரி. நம் ஊரில் இதை யாரும் கேட்பதில்லை.

பைக்காரா படகு

ஊட்டியில் இரண்டு மூன்று ஹோம்ஸ்டேக்களுக்கு வெப்சைட் பார்த்துக்கொள்கிறேன், அந்தப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். வெப்சைட் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழிலும் இதே சிஆர்எல்தான், ஆனால் பிரவுசர்கள் அதை நேராக இறக்கிப் பார்ப்பதில்லை. காரணம் பட்டியல் வீங்கிவிடும். 2014 ஏப்ரலில் சர்வர்களின் சாவியைக் கசியவிடக்கூடிய ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது ஒரே சமயத்தில் எல்லோரும் சாவியை மாற்றி, பழையதை ரத்து செய்ய, சில பட்டியல்கள் கிலோபைட்டிலிருந்து மெகாபைட்டுக்குத் தாவின. ஒரு பக்கம் திறக்க அத்தனையும் இறக்கவா முடியும், அதுவும் நம் மலையில் ஒற்றைப் புள்ளி சிக்னலில்?

அதனால்தான் ஓசிஎஸ்பி என்று இன்னொரு வழி, 1999லேயே வந்துவிட்டது. முழுப் பட்டியலுக்குப் பதில் இந்த ஒரு நம்பர் எப்படி என்று மட்டும் கேட்பது. பதில் மூன்றில் ஒன்று: நல்லது, ரத்து, தெரியாது. நல்லது என்று வந்தால்கூட இந்த நம்பரை யாரும் ரத்து செய்யவில்லை என்று மட்டும்தான் அர்த்தம், அப்படி ஒரு சான்றிதழை நாங்கள் கொடுத்தோம் என்று உறுதி சொல்வதாக எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொரு கோளாறு, நீங்கள் எந்த சைட்டுக்குப் போகிறீர்கள் என்பது சான்றிதழ் கொடுத்தவனுக்குத் தெரிந்துபோகும். இதைச் சொல்லித்தான் இலவசமாக வெப்சைட் சான்றிதழ் கொடுக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஆகஸ்ட் 6 அன்று தன் ஓசிஎஸ்பி சேவையையே மூடிவிட்டது, இப்போது அவர்களிடம் சிஆர்எல் மட்டும்தான். உலகம் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்திருக்கிறது.

பதில் வராவிட்டால் பிரவுசர் என்ன செய்யும்? பரவாயில்லை போ என்று உள்ளே விட்டுவிடும். திருடன் நடுவில் உட்கார்ந்து அந்தக் கேள்வியை மட்டும் தடுத்தால் போதும், ரத்து இருந்தும் இல்லாத மாதிரிதான். அதனால் குரோம் முக்கியமான ரத்துகளை மட்டும் பொறுக்கிச் சின்னப் பட்டியலாக்கி அப்டேட்டோடு அனுப்பிவிடும். ஃபயர்ஃபாக்ஸ் சிஆர்லைட் என்று எல்லா சிஆர்எல்லையும் சேர்த்து அமுக்கிச் சுருக்கி இறக்குகிறது, 2025இல் கம்ப்யூட்டர் பதிப்புக்கு வந்தது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, நெட் தடுமாறினாலும் சரிபார்ப்பு கையிலேயே இருக்கிறது, யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம்.

நம் நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. 2014 ஜூலையில் மத்திய அரசின் தேசிய தகவலியல் மையமான என்ஐசி-யின் சான்றிதழ் பிரிவிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்தது தெரிந்தது. சிசிஏ மறுநாளே, ரூட்டுக்கும் வாங்குபவர் சான்றிதழுக்கும் நடுவில் இருக்கும் என்ஐசி-யின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தது. சிசிஏ ரூட் விண்டோஸில் இருந்ததால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மாதிரி விண்டோஸை நம்பும் மென்பொருள்கள் பாதிக்கப்படக் கூடியவை, ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று தனி ரூட் பட்டியல் வைத்திருக்கிறது, அதில் சிசிஏ இல்லை, அதனால் அது தப்பித்தது. கூகுள் ரத்துப் பட்டியல் பரவட்டும் என்று காத்திருக்காமல் தன் அப்டேட்டிலேயே தடை போட்டது. இடைநிலை ரத்தானால் அதன் கீழே ஒழுங்காக வாங்கியவர்கள் சான்றிதழும் சேர்ந்தே போகும், அதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

சும்மா ஒருத்தன்

இவ்வளவு ஓட்டை என்றால் ரத்து செய்தே என்ன பயன்?

பைக்காரா படகு

அதனால்தான் ஆயுளையே குறைத்துக்கொண்டு வருகிறார்கள். வெப்சைட் சான்றிதழுக்கு 2020இலிருந்து அதிகபட்சம் 398 நாள். 2026 மார்ச் 15 முதல் 200, 2027இல் 100, 2029இல் 47 நாள். சீக்கிரம் காலாவதியாகிற பொருளைத் திரும்ப வாங்க அலைய வேண்டியதில்லை அல்லவா. டிஎஸ்சி இன்னும் இரண்டு வருஷம் மூன்று வருஷம் என்றுதான் விற்கிறது, அங்கே பட்டியலை விட்டால் வழியில்லை.

குன்னூர் ஆடிட் ஆபீஸ்

எங்கள் ஆபீஸில் கிளையண்ட்கள் டோக்கன் ஒரு டப்பா நிறைய இருக்கும், தினமும் இந்த வேலைதான், அதனால் சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன். கணக்குப்பிள்ளை சார், அந்த ரிவோக்டு மெயிலையும் நீங்கள் அனுப்பிய மெயிலையும் தேதி நேரம் தெரியும்படி பிரிண்ட் எடுத்து வையுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 42 என்ன சொல்கிறது என்றால், சாவி கைமாறினால் தாமதமில்லாமல் சான்றளிக்கும் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும், சொல்லும் வரைக்கும் பொறுப்பு சான்றிதழ் வாங்கியவர் தலையில்தான். சான்றிதழ் உங்கள் மேனேஜர் பெயரில் இருப்பதால் இது அவருக்கும் நல்லது, அவருக்கும் ஒரு காப்பி அனுப்பிவிடுங்கள். தொலைந்தது தெரிந்தும் அவர் சும்மா இருந்தார் என்ற பேச்சு பின்னால் வரக்கூடாது.

ரத்து செய்வது பிரிவு 38. வாங்கியவரே கேட்டால், அவர் இறந்துவிட்டால், கூட்டு நிறுவனம் கலைந்தால், கம்பெனி மூடப்பட்டால் செய்யலாம். பிரிவு 37 தற்காலிக நிறுத்தம், அது வேறு. வாங்கியவர் தரப்பைக் கேட்காமல் 15 நாளுக்கு மேல் நிறுத்தி வைக்க முடியாது. நிறுத்தி வைத்ததும் பட்டியலில் ஏறும், குறியீடு 6 என்று. விடுவித்தால் அடுத்த பட்டியலில் அந்த நம்பரே இருக்காது. பட்டியலில் இருந்த நம்பர் காணவில்லை என்று போன வருஷம் ஒரு கிளையண்ட் பதறிப்போய் போன் செய்தார், அவருடையது இந்த மாதிரி ஹோல்டில் இருந்ததுதான்.

அப்புறம் பட்டியலில் நிரந்தரமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். சான்றிதழின் காலாவதி தேதி தாண்டி ஒரு பட்டியலிலாவது அது இடம்பெற வேண்டும் என்பதுதான் விதி, அதற்குப் பிறகு எடுத்துவிடலாம். மூன்று வருஷம் கழித்து ஏதாவது வழக்கு வந்து அன்றைக்குத் தேடினால் கிடைக்காமல் போகலாம். இன்றைக்கு இறக்கிய ஃபைலை அப்படியே சேமித்து வையுங்கள், நிறுவனத்தின் கையெழுத்து அதிலேயே இருப்பதால் நீங்கள் சமைத்தது என்று யாரும் சொல்ல முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலே, போர்ட்டல்களில் அவர் பெயரை எடுங்கள். பிஎஃப்பில், வருமானவரியில், ஜிஎஸ்டியில், டெண்டர் தளத்தில், எங்கெல்லாம் அவர் டிஎஸ்சி பதிவாகியிருக்கிறதோ அங்கெல்லாம். அந்தந்தத் தளம் பட்டியலைப் பார்க்கிறதா, எத்தனை மணிக்கு ஒரு தரம் பார்க்கிறது என்பது உங்கள் கையில் இல்லை. அவரை அங்கீகரிக்கப்பட்ட கையெழுத்தாளர் பட்டியலிலிருந்து நீக்குவது உங்கள் கையில் இருக்கிறது.

கட்டபெட்டு கணக்குப்பிள்ளை

நன்றி மேடம். பிஎஃப், ஜிஎஸ்டி இரண்டிலும் இன்று எடுத்துவிட்டேன், டெண்டர் தளம் திறக்கவில்லை, நாளைக்குப் பார்க்கிறேன். காரணத்தை மாற்றச் சொல்லியும் மெயில் போட்டாச்சு. கடைசியாக ஒன்று: நாளைக்கே அவர் டோக்கனைக் கண்டுபிடித்து பஸ்ஸில் கொடுத்து அனுப்பினால் ரத்தை நீக்கச் சொல்லலாமா? புதிதாக எடுக்க மறுபடி காசு, மறுபடி வீடியோ எடுத்து அனுப்பு என்பார்கள்.

குன்னூர் ஆடிட் ஆபீஸ்

முடியாது சார். ஹோல்டு என்றால் எடுக்கலாம், ரத்து என்றால் ரத்துதான். எப்படியும் அவர் பெயரில் உள்ளது உங்களுக்கு இனி எதற்கு? டோக்கன் மட்டும் மறுபடி பயன்படும், புது மேனேஜர் சான்றிதழை அதிலேயே இறக்கிக்கொள்ளலாம்.

லவ்டேல்

இறக்குவதற்கு முன் ஒரு நிமிடம். டெண்டருக்குப் பயன்படுத்திய டோக்கன் என்கிறீர்கள், அப்படியானால் அதில் கையெழுத்துச் சான்றிதழ் தவிர ஃபைலைப் பூட்டுவதற்கான என்க்ரிப்ஷன் சான்றிதழும் ஒன்று இருக்க வாய்ப்பிருக்கிறது. அதற்கும் தனி சீரியல் நம்பர், அது ரத்தாகியிருக்கிறதா என்று பட்டியலில் தனியாகப் பாருங்கள். ரத்தானாலும் அந்தச் சாவியால்தான் அதற்குப் பூட்டிய பழைய ஃபைல்களைத் திறக்க முடியும், அழித்தால் திரும்பக் கிடைக்காது. கடைக்காரர் டோக்கனை ஃபார்மட் செய்து தருகிறேன் என்பார், திறக்க வேண்டிய ஃபைல் எதுவும் பாக்கி இல்லை என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.